இரண்டு கருவிகளும் என் மணிக்கட்டும்

ஊசி குத்துகிறவர்களுக்கு ஊசிப் பயம் இருக்காது என்று எல்லோரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் நாங்கள் பிழைக்கிறோம். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வகத்துக்கு நான் பொறுப்பாளன். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். (என்னை யாரும் கடிக்க நான் விட்டதில்லை.)

வெள்ளிமலைக்குப் போய்வரும் எங்கள் மருத்துவ வேனுக்கு, ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு அளவைச் சொல்லும் கையடக்கக் கருவி ஒன்று வாங்க நினைத்தார்கள். அது இருந்தால், மூச்சுத்திணறலோடு வருகிறவரை மலையிறக்கிக் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டியதில்லை. இரண்டு கம்பெனிகள் ஆளுக்கொன்று கொடுத்திருந்தன. மலைப்பாதைக் குலுக்கலுக்குப் பிறகும் அவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று வெள்ளிமலையிலேயே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சரிவராவிட்டால் இரண்டும் திரும்பிப் போய்விடும்.

ஒரே ரத்தத்தை இரண்டிலும் விட்டால்தான் ஒப்பீடு. அதை மணிக்கட்டுத் தமனியிலிருந்து எடுக்க வேண்டும். சாதாரண ஊசியைவிடக் கூடுதலாக வலிக்கும். நோயாளியை எதற்கு வதைப்பது? "என் கையில எடுங்க" என்றேன், வேனுக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி.

நர்ஸ் ஃபரிதா புதுவகை சிரிஞ்சைப் பிரித்தார். ரத்தம் எடுத்ததும் ஒரு விரலால் தள்ளினால் ஊசிமேல் உறை மூடிக்கொள்ளும். யாருக்கும் தவறிக் குத்தாது. அதன் அருமையை வரிசைக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஊசி நெருங்கியது. விளக்கம் நின்றது. மூச்சு மட்டும் ஓடிவந்த நாயைப் போல வாங்கியது.

"சார், மெதுவா மூச்சு விடுங்க."

"மெதுவாத்தான் விட்டுக்கினு இருக்கேன்!"

ஊசி வெளியே வந்ததும் துள்ளினேன். என் கை ஃபரிதாவின் கையில் இடித்தது. நல்லவேளை, உறை அதற்குள் மூடியிருந்தது. (அந்த சிரிஞ்சின் பாதுகாப்பை எந்தக் கம்பெனிக்காரரும் இவ்வளவு முழுமையாகச் செய்து காட்டியதில்லை.)

கார்பன் டை ஆக்சைடு மிகக் குறைவு என்றது முதல் கருவி. இரண்டாவதும் அதையே சொன்னது. பயத்தில் வேகமாக மூச்சு விட்டால் அப்படித்தான் குறையும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"ரெண்டுமே குலுங்குனதுல கெட்டுப்போச்சு மேடம்."

வேனில் கூட வந்திருந்த டாக்டரம்மா பெருமூச்சோடு கருவிப் பெட்டியை மூடப் போனார்.

"மூடாதீங்க மேடம்" என்றார் ஃபரிதா. "மெஷின் ரெண்டும் நல்லாத்தான் இருக்குது. சார்தான் கெட்டுப்போயிட்டாரு. இன்னொரு வாட்டி எடுத்துப் பாக்கலாம்."

வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். "இன்னா சார், நீங்களே இப்டி பயந்துகினா நாங்க இன்னா பண்றது?"

மறு கையை நீட்டினேன். மூச்சு மறுபடி ஓட்டம் எடுத்தது. ஃபரிதா என்னையே பார்த்தார். பிறகு சாவகாசமாகக் கேட்டார்: "சார், நேத்து அவசரத்துல லேபிளை டியூப் மூடி மேல ஒட்டிட்டேன். ஒண்ணும் தப்பில்லையே?"

மூடியிலா! மூடி மாறினால் நோயாளியே மாறிவிடுவாரே! லேபிள் டியூபின் உடம்பில்தான் இருக்க வேண்டும். நேராக. சுருக்கம் இல்லாமல். உள்ளே ரத்தம் எவ்வளவு என்பது மறையாமல். வகுப்பெடுப்பது போல நிறுத்தி நிதானமாக விளக்கினேன். முடிக்க மனமே வரவில்லை.

"சரிங்க சார். பஞ்சை நல்லா அழுத்திப் புடிச்சிக்கோங்க."

"எந்தப் பஞ்சு?"

இரண்டு கருவிகளிலும் எல்லா அளவும் சரியாக இருந்தது. (மூடியில் லேபிளை அவர் ஒட்டவே இல்லை என்பது பிறகு தெரிந்தது.)

டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பயந்த ரத்தத்துலயும் ஒத்துப்போவுது, பயப்படாத ரத்தத்துலயும் ஒத்துப்போவுது. இதுக்கு மேல இன்னா வேணும்?" எடை குறைந்த கருவியைத் தேர்ந்தெடுத்தோம். இன்றும் அது வேனில் மலையேறிக்கொண்டிருக்கிறது.

கதை எனக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் எல்லாப் பயத்துக்கும் அதே வைத்தியம்தான். சென்ற மாதம் பல் பிடுங்கப் போனேன். கூட வந்த மனைவி பல் டாக்டரிடம் ஏதோ கிசுகிசுத்தாள். அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சார், மருந்து பாட்டில்ல லேபிளைத் தலைகீழா ஒட்டுனா இன்னா?" என்று கேட்டார்.

சூழ்ச்சி என்று தெளிவாகத் தெரிந்தது. அதற்காகத் தலைகீழாக ஒட்ட விட்டுவிட முடியுமா? பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.