ஸ்டாப்பு டாக்டர் ஏற்றிவிட்ட பஸ்

எமனே எருமையை வெளியே கட்டிவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்திருந்தால்கூட, எங்கள் ஸ்டாப்பு டாக்டர் அவனைப் படுக்கவைத்து, "அய்யாவுக்கு எந்த ஊரு? எந்த பஸ்ஸுல போகணும்?" என்று கேட்டிருப்பார். எமனும் இரண்டு ஸ்டாப்பு சொல்லிவிட்டுக் குறட்டை விட்டிருப்பான். அவரிடம் மூன்றாவது ஸ்டாப்பைத் தாண்டியவர் அபூர்வம்.

எண்பதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்தேன். அதற்கு முன் தீப்பெட்டி ஆபீஸ், லாரி கிளீனர், பருத்தி லோடு என்று பல வேலை. இங்கே படுக்க இடமும் கிடைத்ததால் தங்கிவிட்டேன். ஸ்ட்ரெச்சர் தள்ளுவேன், சிலிண்டர் தூக்குவேன், கரண்டு போனால் ஜெனரேட்டரை உதைப்பேன்.

அறுக்கிற பெரிய டாக்டருக்கு வாசலில் போர்டு உண்டு. பொங்கலுக்கு வாழைத்தார் வரும். மயக்கம் கொடுக்கிற ஸ்டாப்பு டாக்டருக்கு இரண்டும் கிடையாது. ஒரு பழைய மொபெட்டில், அலுமினியப் பெட்டியை சைக்கிள் டியூபால் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போவார். குள்ளமான மனிதர். ஆஸ்துமாக்காரர். எங்கள் மாடிப்படியை ஏறி முடிப்பதற்குள் மூன்று முறை நின்று, சுவரைப் பிடித்து இழுத்து இழுத்து மூச்சு விடுவார். புதிதாகப் பார்க்கிறவர்கள் அவரைத்தான் நோயாளி என்று நினைத்து நாற்காலி போடுவார்கள்.

மற்ற இடங்களில் ஒன்று, இரண்டு எண்ணச் சொல்வார்களாம். இவர் நரம்பில் ஊசியை மெதுவாக ஏற்றிக்கொண்டே, "ஒங்க ஊருக்கு வழி சொல்லுங்க. ஒவ்வொரு ஸ்டாப்பா" என்பார்.

திருச்சுழிப் பக்கத்து ஆள் ஆரம்பிப்பார். "பஸ்டாண்டு... பெட்ரோல் பங்கு... செங்கச் சூள..."

அவ்வளவுதான். சூளையைத் தாண்டி யாரும் போனதில்லை.

"ஏன் சார், தூக்கம் வந்தா கண்ணு மூடப் போகுது. இதுக்கு எதுக்கு பஸ்ஸு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏலே, தூக்க மருந்து மாப்பிள்ள மாதிரி. மாப்பிள்ள ஒத்தையிலயா வருவாரு? கூட ஒரு பட்டாளம் வரும்" என்று பெட்டியைத் திறந்து, குப்பிகளைச் சம்பந்தி வீட்டாரைப் போல அறிமுகப்படுத்தினார். "இவுக முதல்ல வந்து பயத்த எடுத்துருவாக. இவுக எச்சில வத்தவைப்பாக, இல்லன்னா அது மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். இந்தா இருக்காகளே, இவுகதான் வில்லங்கம். தசையெல்லாம் தளர்த்திருவாக. வயிறு பஞ்சாப் போகும், அறுக்கிறவருக்குச் சுகம். ஆனா மூச்சும் நின்னுபோகும்."

"அப்புறம்?"

"அப்புறம் அவருக்கும் சேத்து நான் விடணும். கடைசியில இன்னொருத்தர் வந்து தளர்ந்த தசையத் தட்டி எழுப்புவாரு." குரலைத் தாழ்த்தினார். "தூங்காத ஆளுக்கு அந்த வில்லங்கத்தப் போட்டேன்னு வையி. கை கால் அசையாது, கத்த முடியாது, வலி மட்டும் தெரியும். அந்தப் பாவத்தக் காசிக்குப் போனாலும் கழுவ முடியாது. அதுக்குத்தாம்ல ஸ்டாப்பு."

அன்றிலிருந்து அவரைக் கவனித்துப் பார்த்தேன். நோயாளியின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கறுப்பு ரப்பர் பையை அமுக்குவார், விடுவார். எதிரே செத்த உடம்பு போலக் கிடக்கிற நெஞ்சு ஏறும், இறங்கும். கரண்டு போகும், நான் ஓடுவேன், டார்ச் அடிப்பார்கள், பெரிய டாக்டர் கத்துவார். அந்தக் கை மட்டும் தாளம் தப்பாது. மாடிப்படி ஏற மூச்சில்லாத மனிதர், ஒரு சம்சாரிக்கு மணிக்கணக்கில் மூச்சுக் கடன் கொடுத்துக்கொண்டிருப்பார்.

அவருடைய மூக்கு இன்னொரு அதிசயம். அறுக்குமுன் வெறும் வயிறாக இருக்கவேண்டும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்வார். வீட்டார் கேட்டால்தானே? கத்தி படப்போகிற உடம்பைப் பட்டினி போடுவதா என்று ஒளித்துவைத்து ஊட்டிவிடுவார்கள். உப்பு வைத்துப் பல்லும் விளக்கிவிடுவார்கள். ஸ்டாப்பு டாக்டர் குனிந்து ஒரு மோப்பம்.

"கம்மங்கஞ்சி. தொட்டுக்கிட சீலாக் கருவாடு."

வெளியே வந்து சம்சாரத்திடம், "ஆத்தா, ஒன் பாசம் அவரு வயித்துல இருக்கு. அது மேல ஏறி மூச்சுக்குழாய்க்கு வந்தா ஆளு போயிருவாரு. நாளைக்குப் பாப்போம்" என்பார். அந்த அம்மா அழுவதற்குப் பதிலாக, "கருவாடு எப்படித் தெரிஞ்சது?" என்று என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்.

அவரையே திணறடித்தவர் ஒரே ஒருவர். திருச்சுழி லைன் கண்டக்டர், மூலத்துக்கு வந்தவர். "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டபோது, பக்கத்தில் நின்ற மாமனாரைப் பார்த்துவிட்டு, "அந்த வாடையே ஆகாது சார்" என்றார். மாமனார் பெருமையாகத் தலையாட்டினார்.

உள்ளே ஊசி ஏறுகிறது. பெட்ரோல் பங்கு போயிற்று. செங்கல் சூளை போயிற்று. கண்மாய்க்கரை, ரெட்டப் பாலம்... தியேட்டரே வாயைப் பிளந்தது. "திருச்சுழி எல்லாம் இறங்கு!" என்றவர், நாங்கள் மூச்சு விடுமுன், "அருப்புக்கோட்ட ஏறு! சில்லற வச்சுக்கோ!" என்று வண்டியைத் திருப்பிவிட்டார்.

ஸ்டாப்பு டாக்டர் ஊசியை நிறுத்தி, அவர் காதருகே குனிந்தார். "கண்டக்டரே, மாமனாரு வெளிய இருக்காக. இப்பச் சொல்லு."

"தினம் ரெண்டு கிளாஸு சார்... ஞாயித்துக்கிழமைக்குக் கணக்கு இல்ல."

"அப்படி வா வழிக்கு. குடிக்கிற ஒடம்புக்கு மருந்து கூடத்தான் வேணும்" என்று மருந்தைக் கூட்டினார். ரிட்டன் பஸ் ரெட்டப் பாலத்தில் நின்றது. மாமனாரிடம் டாக்டர் கடைசிவரை மூச்சு விடவில்லை.

பிறகு என் முறை வந்தது. சிலிண்டர் தூக்கும்போது குடல் இறங்கி மாட்டிக்கொண்டது. உடனே அறுக்காவிட்டால் குடல் அழுகி ஆள் மிஞ்சமாட்டான் என்றார் பெரிய டாக்டர். ஆனால் சொந்தக்காரர் யாராவது பொறுப்பு ஏற்காமல் கத்தியைத் தொடமாட்டேன் என்றும் சொன்னார். எனக்கு யார் இருக்கிறார்கள்? அப்பாவும் அம்மாவும் ரோடு போடுகிற கூலிகள். தார் டின் உருண்ட இடமெல்லாம் எங்கள் ஊர். அவர்கள் போனபிறகு அதுவும் இல்லை.

படியில் இழுப்புச் சத்தம் கேட்டது. ஸ்டாப்பு டாக்டர் சுவரைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"இவன் எங்க ஊருப் பய. நான்தான் சொந்தம்."

"எப்ப இருந்து சார்?" என்றார் பெரிய டாக்டர்.

"இப்ப வந்த பஸ்ஸுல இருந்து."

மேஜையில் படுக்கவைத்தார்கள். பயம் எடுக்கிறவரும் எச்சில் வற்றவைக்கிறவரும் வந்துபோனார்கள். மாப்பிள்ளை ஊசியைப் பிடித்துக்கொண்டு, "ம், ஊருக்கு வழி சொல்லு" என்றார்.

"எனக்கு ஏது சார் ஊரு?"

"சரி, எங்க ஊருக்குப் போவோம். திருச்சுழிக்குத் தெக்க, வேலாங்குளம். நான் சொல்றேன், பின்னாலயே வா. பஸ்டாண்டு."

"பஸ்டாண்டு."

"பெட்ரோல் பங்கு."

"பெட்ரோல் பங்கு."

கண்டக்டர் மாதிரி தாண்டிக் காட்டவேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. "செங்கச் சூள" என்றேன். அடுத்த வார்த்தை வாய்க்குள்ளேயே படுத்துக்கொண்டது.

யாரோ கன்னத்தைத் தட்டினார்கள். நாக்கு சித்திரை மாதத்துக் கரிசல் போல வெடித்துக் கிடந்தது.

"ஏலே, இறங்கு. வந்துருச்சு. எந்த ஊரு?"

"வேலாங்குளம்."

"சரியாத்தான் வந்திருக்க" என்று ஈரப் பஞ்சால் என் உதட்டைத் துடைத்தார். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு, இழுத்து இழுத்து மூச்சு விட்டபடி படியிறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு நானும் ஓரிடத்தில் நிற்கவில்லை. திருப்பூர், சூரத், பம்பாய் என்று வயிறு கூட்டிப்போன இடமெல்லாம் போனேன். எங்கே போனாலும் முதலில் சொந்த ஊர் எது என்றுதான் கேட்கிறார்கள். வேலாங்குளம் என்று தயங்காமல் சொல்கிறேன். இன்றுவரை அந்த ஊரை நான் பார்த்ததில்லை. செங்கல் சூளை வரைக்கும்தான் வழி தெரியும்.