வாசல் தைலமரமும் வறட்சி நைனாவும்

தண்ணீரைக் கண்டு நடுங்கிய தோட்டக்காரர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கும்மிடிப்பூண்டியில், எங்கள் தொழிற்சாலையில் இருந்தார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் வறட்சி நைனா.

எழுபதுகளின் தொடக்கத்தில், வாசலுக்கு அழகாக இருக்கட்டும் என்று மேனேஜர் ஒரு தைலமரக் கன்றை வரவழைத்தார். சிவப்பாகப் பூக்கும் ஜாதி. எந்த வறட்சியையும் தாங்கும். வேரில் தண்ணீர் நின்றால் மட்டும் அழுகிவிடும். "இது பட்டுப்போச்சுன்னா உனக்கும் இங்க வேலை இல்ல" என்று நைனாவிடம் சொல்லிவிட்டார். நைனா தினக்கூலி. அந்தக் கூலியில்தான் ஒரு குடும்பமே சாப்பிட்டது. அன்றே அவருக்குத் தூக்கம் போயிற்று. கணக்குப் பிரிவில், வாசலைப் பார்த்த ஜன்னலருகே உட்கார்ந்திருந்த எனக்கும், அவர் வாசலில் போட்ட சத்தத்தில், மதியத் தூக்கம் போயிற்று.

ஆபத்து வெயிலால் வரவில்லை. எங்கள் ஆட்களால் வந்தது. பாதிப் பேர் பொன்னேரிப் பக்கம் நெல் விளைவிக்கும் வீட்டுப் பிள்ளைகள். காய்ந்த மண்ணில் ஒரு செடி நிற்பதை அவர்கள் கண் பொறுக்காது. சாப்பிட்டுக் கை கழுவியதும் டிபன் பாக்ஸில் தண்ணீர் பிடித்துவந்து ஊற்றிவிடுவார்கள்.

"யோவ், இன்னாய்யா பண்ற? அத்த சாவடிக்கிறியா?"

"வறண்டுகினு நிக்குதே நைனா, பாவமா கீது."

"பாவம் பாக்கணும்னா உன் ஊட்டாண்ட போய்ப் பாரு. இது செத்துச்சுன்னா நாளைக்கு என் நாஷ்டாவுக்கு நீயா குடுப்ப?"

ஒருநாள் அடியிலைகள் மஞ்சளாயின. நைனாவின் முகம் அதைவிட மஞ்சளாயிற்று. மறுநாள் குழாயடியில் நாலு கத்திரிச் செடி நட்டார். "ஊத்தாம இருக்க முடியாதவன்லாம் இங்க ஊத்துங்கடா, கை அரிப்பு தீர்ற வரிக்கும்!" என்றார். ஊற்றினார்கள். அப்புறம் கேன்டீனில் கத்திரிக்காய் சாம்பார் ஓயவே இல்லை. கன்றும் மெல்லத் துளிர்த்தது.

மனிதர்களைச் சமாளித்தாயிற்று. ஐப்பசி மழையை?

அது பிடித்துக்கொண்ட அன்று, நைனா கன்றைச் சுற்றி மண் அணைத்தார். கால்வாய் வெட்டினார். அதுவும் மனசுக்குப் போதாமல், தன் குடையை அதன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கொட்டும் மழையில் நின்றுவிட்டார்.

"நைனா, ஜுரம் வந்துடும், உள்ள வாங்க!" என்று ஜன்னலிலிருந்து கத்தினேன்.

"எனக்கு ஜொரம் வந்தா மாத்திரை கீது சார். இதுக்கு இன்னா கீது?"

கன்று பிழைத்தது, அவர் வேலை நிரந்தரமானது, ஒரு பங்குனியில் வாசலே சிவக்கப் பூத்தது எல்லாம் பிறகு. அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. பேனாவை மூடிவைத்து, என் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மழை விடும்வரை அவர் கன்றுக்குப் பிடித்தார். நான் அவருக்குப் பிடித்தேன்.