புஷ்பவல்லியின் தூக்கத்துக்குப் பொறுப்பாளர்

“தூங்கிட்டியா?” என்று கேட்டு மனைவியை எழுப்பினார் கார்த்திகேசு.

புஷ்பவல்லி கண்ணைத் திறந்தாள். மணி மூன்று. இரண்டு மணி நேரம் புரண்டு புரண்டு, போர்வையை உதறி, மறுபடியும் இழுத்துப் போர்த்தி, இப்போதுதான் ஐந்து நிமிடம் கண் அயர்ந்திருந்தாள்.

“தூங்கிட்டுத்தான் இருந்தேன்.”

“எத்தனை மணிக்குத் தூங்குன?”

“தூங்குறவளுக்கு மணி எப்படிங்க தெரியும்?”

“அதுக்குத்தான் நான் இருக்கேன்லா,” என்றவர், நோட்டில் ‘3.00 – விழிப்பு’ என்று எழுதினார். விளக்கை அணைத்தார். தலை தலையணையில் படுவதற்குள் குறட்டை வந்துவிட்டது. புஷ்பவல்லி மட்டும் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

எல்லாம் அவள் வாயால் வந்தது. வயது ஐம்பத்தொன்று. மாதவிலக்கு நிற்கிற காலம். ராத்திரியானால் நெஞ்சிலிருந்து உச்சந்தலைவரை திடீரென்று அனல் ஏறும். நைட்டி தொப்பலாக நனையும். அது அடங்கியதும் குளிரும். எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் சமாளித்தவள், ஒரு நாள் தெரியாத்தனமாகப் புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

“இவ்வளவுதானே? நான் பார்த்துக்கிறேன்,” என்றார் அவர்.

கார்த்திகேசு போர்ட் கிள்ளானில் முப்பது வருஷம் கிடங்கு சூப்பர்வைசர். ஜனவரியில்தான் ஓய்வு பெற்றார். தன் காலத்தில் ஒரு கண்டெய்னர்கூட வழி தவறியதில்லை என்பது அவர் பெருமை. அதே கண்ணோடு மனைவியின் தூக்கத்தையும் கவனிக்க ஆரம்பித்தார்.

முதலில் அவள் காப்பியை நிறுத்தினார். தலைவலி வந்தது.

அடுத்து ஏர்கோனைப் பதினாறு டிகிரியில் வைத்தார். அவர் ஸ்வெட்டரும் காலுறையும் குரங்குக் குல்லாவுமாகப் படுத்துக்கொண்டார். ஏர்கோன் மூன்றாம் நாள் படுக்கையின்மேல் ஒழுகியது.

“உங்கள யாருங்க இதெல்லாம் செய்யச் சொன்னது?”

“ஆராய்ச்சி பண்ணியிருக்கேன், புஷ்பா. உடம்புச் சூட்ட இறக்கணும்.”

சூட்டை இறக்க நாலு துண்டை நனைத்து ஃப்ரீசரில் வைத்தார். நடுச்சாமத்தில் அனல் ஏறிய நேரம் பார்த்து, ஒன்றை எடுத்து அன்போடு அவள் கழுத்தில் சுற்றினார். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் துண்டு முழுக்கக் கெம்போங் மீன் வாடை. அவள் எழுந்து குளித்தாள். குளித்ததும் இருந்த கொஞ்சம் தூக்கமும் போய்விட்டது.

‘1.40 – குளியல்’ என்று நோட்டில் ஏறியது.

பிறகு யாரோ சொன்னார்களென்று படுக்கப் போகும்போது இரண்டு பெரிய குவளை சோயாப் பால் கொடுத்தார். அன்றைக்கு அவள் அனலுக்காக ஒரு முறையும் சோயாப் பாலுக்காக நாலு முறையும் எழுந்தாள்.

இதையெல்லாம்கூட அவள் மன்னித்திருப்பாள். ஆனால் அவர் தாமான் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார். அதில் நூற்று நாற்பது பேர்.

‘வணக்கம். என் மனைவிக்கு மாதவிலக்கு நின்றுகொண்டிருக்கிறது. இரவில் அதிகம் வியர்க்கிறது. நல்ல தலையணை எங்கே கிடைக்கும்?’

கோயில் தலைவர் நாகையா, முழுதாகப் படிக்காமலே ‘வாழ்த்துகள்’ என்று பதில் போட்டிருந்தார். மறுநாள் பாசாரில் மீன்காரன் கெம்போங்கைச் சுத்தம் செய்துகொண்டே, “நேத்து எப்படி ஆன்டி, தூங்குனீங்களா?” என்று விசாரித்தான். புஷ்பவல்லி மீனை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

“என் மானத்த வாங்கிட்டீங்க!”

“எதுக்குக் கோவம்? பதினேழு பேர் தலையணை சொல்லியிருக்காங்க. லிஸ்ட் போட்டு வச்சிருக்கேன்.”

வீட்டில் நடந்தது வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. புஷ்பவல்லி கிள்ளான் லிட்டில் இந்தியாவில் காத்தூன் பீவியின் துணிக்கடையில் ரவிக்கை தைப்பவள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் தையலை யாரும் பிரித்ததில்லை. அந்த வாரம் ஷாமினி என்கிற கல்யாணப் பெண் கடைக்கு வந்து ரவிக்கையைப் போட்டுப் பார்த்தாள். உள்ளே வெகு நேரம் முட்டி மோதும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு, அழுகிற முகத்தோடு வெளியே வந்தாள்.

காத்தூன் பீவி ரவிக்கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“புஷ்பா, இதுல ரெண்டும் இடது கை.”

“அக்கா…”

“கல்யாணம் ஞாயித்துக்கிழமைமா. பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“இன்னிக்கே பிரிச்சுத் தைச்சுத் தந்துடுறேன்கா. ராத்திரியில தூக்கமில்ல, அதான்…”

“எனக்கும் அந்த வயசுல அப்படித்தான். வெக்கப்படாம டாக்டரப் போய்ப் பாரு. இன்னொரு தடவ இப்படி ஆனா, என்னால உன்னக் கல்யாண ஆர்டர்ல உக்கார வைக்க முடியாது.”

அதுதான் அவளைச் சுட்டது. வீட்டுக்கு வந்து கண்ணீரோடு சொன்னால், கார்த்திகேசு நோட்டைத் திறந்து, “எத்தனை மணிக்குத் தைச்ச?” என்று கேட்டார்.

புதன்கிழமை காலை, பாசாருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு புஷ்பவல்லி கிள்ளான் ஸ்டேஷனில் ரயில் ஏறினாள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்த காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு ஒரே கிளினிக்தான். கே.எல். சென்ட்ரலில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் போதும்.

பெண்கள் பெட்டி. ஜன்னலோர இருக்கை. சில்லென்ற காற்று. நோட்டுப் புத்தகம் கிடையாது. ஷா ஆலம் வருமுன்பே தலை சாய்ந்தது.

“காக், பாங்ஙூன்!” என்று யாரோ தோளைத் தட்டி எழுப்பினார்கள். அசந்து தூங்குகிறாளே என்று பயந்துபோன ஒரு மலாய்ப் பெண். வெளியே பலகையில் ரவாங் என்று போட்டிருந்தது. கே.எல். சென்ட்ரலைத் தாண்டி வெகு தூரம் வந்துவிட்டிருந்தாள்.

ஏறக்குறைய இரண்டு மணி நேரம்! இத்தனை மாதத்தில் அவள் இப்படித் தூங்கியதே இல்லை. கைப்பேசியில் பதினொரு தவறிய அழைப்புகள், ஒரு செய்தி: ‘பாசாரில் தூக்கம் வருகிறதா? நேரம் குறித்து வை.’

திரும்பி வரும் ரயிலில் மறுபடியும் தூங்கிவிடாமல் இருக்க முழுக்க நின்றுகொண்டே வந்தாள். கிளினிக்கில் நுழைந்தபோது மதியம் ஆகியிருந்தது. காலும் வலித்தது, கோபமும் உச்சியில் இருந்தது.

கவுண்டரில் நர்ஸ் புனிதா, “வாங்க ஆன்டி! எவ்வளவு நாளாச்சு. என்ன செய்யுது?” என்றாள்.

“அனல், வேர்வை, தூக்கமில்ல. அதுக்கு மருந்து வேணும். ஆனா அதுக்கு முன்னால டாக்டர் எனக்கு ஒரு கடிதம் எழுதித் தரணும்.”

“எம்சியா ஆன்டி? வேலைக்கு லீவா?”

“இல்ல. என் வீட்டுக்காரர் என் தூக்கத்துல தலையிடக் கூடாதுன்னு. கிளினிக் முத்திரை, சாப்பு வச்சுத் தரணும். அவரு எந்திரிச்சு எழுதுறாரு, துண்டு சுத்துறாரு, ஊருக்கெல்லாம் சொல்றாரு. அவரு நிறுத்துனா பாதி வியாதி போயிடும்மா. இன்னிக்கே நிறுத்தணும்.”

புனிதா கார்டைத் தேடி எடுத்தாள். பெயரைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கவுண்டர்மேல் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள்.

“ஐயோ ஆன்டி, நிறுத்திடாதீங்க! ரிட்டையர் ஆனதுலேருந்து பொட்டுத் தூக்கமில்லன்னு அங்கிள் இங்க வந்து அழுதாரு. வீட்டுல ஏதாவது ஒரு பொறுப்ப எடுத்துச் செய்யுங்கன்னு டாக்டர்தான் சொல்லி அனுப்புனாங்க, இப்ப மாத்திரையே இல்லாம படுத்த உடனே தூங்கிடுறாராம்!”