தளர்வுக்கும் செக்கிங் உண்டு

"விலகுங்கடி, காத்து வரட்டும்!" என்று கத்திக்கொண்டே கெசியா ஓடினாள்.

ஆம்பூர்க் கல்லூரிக் கலையரங்கில் கிராமிய நடன ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. முதல் வரிசையில் ஆடிய ஃபீபி திடீரென்று நெற்றியில் கையை வைத்தாள், கண்ணைச் செருகினாள், சரிந்துவிட்டாள். அவ்வளவு பெரிய அரங்கில் ஒரே ஒரு பாய்தான் விரித்திருந்தது. சரியாக அதன் நடுவில் விழுந்தாள். தலையில் அடிபடாமல் காத்தாரே கர்த்தர் என்று கெசியா மனதுக்குள் தோத்திரம் சொன்னாள்.

டேப் ரிகார்டரைக் கவனித்துக்கொள்ளும் ஷஹீன் பானு பாட்டை நிறுத்தினாள். "ஆட்டம் ஜாஸ்தியாய்டுச்சு மேடம். எல்லாருக்குமே ஒடம்பு பேஜாராத்தான் இருக்கு. கொஞ்ச நாள் பிராக்டிஸ் வேணாம். நீங்களும் வூட்டுக்குப் போங்க."

"நான் போறது இருக்கட்டும். நீ ஓடிப் போய் ஒரு சோடா வாங்கினு வா."

கெசியா வணிகவியல் ஆசிரியை. நடனம் கற்றவள் அல்ல. எப்போதோ சபையில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளை ஆட வைத்தாள் என்பதற்காகக் கல்லூரியில் நடனக் குழுவை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். அதற்கும் முன்னால் ஆம்பூரிலேயே ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். அங்கே வேலை பார்த்துக்கொண்டே தபாலில் எம்.காம். படித்தவள். கோணல் தையலைக் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே கண்டுபிடிப்பாள் என்று பெயர்.

பொங்கலுக்கு அவள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அன்றிலிருந்து இரவெல்லாம் வேலூர் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பது, விடியற்காலை பஸ் பிடித்து ஆம்பூர் வருவது, பாடம், ஒத்திகை, மறுபடி வேலூர் என்று கெசியாவின் நாள் ஓடியது. நடுவில் ஒருநாள் நடத்திய பாடத்தையே மறுநாளும் நடத்தினாள். மாணவிகள் மரியாதையாக இரண்டாம் தரமும் எழுதிக்கொண்டார்கள்.

முதல்வர் சவுரியம்மாள் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நடனப் போட்டி வேலூர்ல நடக்கப் போகுது. நல்லா ஆடட்டும், சந்தோஷம். ஆனா இன்னொரு பொண்ணு விழுந்தா குழுவையே கலைச்சிடுவேன் கெசியா. பெத்தவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

"கலைக்காதீங்க மேடம். அதுங்களுக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்."

"அப்ப சனிக்கிழமை வேலூர்ல ஒரு பயிற்சி நடக்குது, போய்ட்டு வா. படிக்கிற பிள்ளைங்களுக்கு மனச்சோர்வு வராம பாத்துக்கறது எப்படின்னு சொல்லித் தர்றாங்களாம்."

கெசியா போனாள். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் மயிலிறகு மாதிரிப் பேசினார். "மூச்சைக் கவனிக்கணும். உடம்பை ஒவ்வொரு இடமா கவனிச்சுத் தளர விடணும். அப்புறம் எந்த இலக்கும் இல்லாம மெதுவா அசையணும். இதுல சரி, தப்புன்னு எதுவும் கிடையாது."

கெசியா எழுந்து நின்றாள். "அப்போ முடிஞ்சுதுன்னு எப்படி சார் தெரியும்?"

"முடியணும்னு அவசியமே இல்லீங்க."

இப்படி ஒரு சரக்கை எந்தக் கம்பெனி பெட்டியில் போட்டு ஏற்றுமதி செய்யும் என்று அவளுக்கு விளங்கவில்லை. இருந்தாலும் ஃபீபியின் வெளுத்த முகம் கண்முன் நின்றது. அந்தப் பெண்ணை ஆட்டி ஆட்டி முறித்துவிட்டோமே என்ற உறுத்தல் பஸ்ஸில் ஆம்பூர் வரை கூடவே வந்தது.

திங்கட்கிழமை முதல், மாலையில் ஒத்திகை, காலையில் வகுப்புக்கு முன்னால் தளர்வுப் பயிற்சி என்று அறிவித்தாள்.

"காலைலயுமா?" என்றாள் ஃபீபி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அப்ப நீங்க வேலூர்ல இருந்து எப்ப கெளம்புவீங்க மேடம்?"

"அதுக்கு முந்தின பஸ்ல. உங்களவிட எனக்குத் தூக்கம் முக்கியமா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குடியாத்தத்திலிருந்து வரும் பாக்யலட்சுமிக்கு இனிமேல் காலைச் சாப்பாடு பஸ்ஸில்தான்.

முதல் நாள் மைதானத்தில் வட்டமாக உட்கார வைத்தாள். "கண்ணை மூடுங்க. நல்லா ஆழமா மூச்சை இழுங்க."

யாரும் இழுக்கவில்லை.

"இழுங்கடி!"

"மேடம்," என்றாள் ஷஹீன் பானு மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு, "இந்த நேரத்துல காத்து தோல் டேனரி பக்கமிருந்து வருது. பொறந்ததுல இருந்து நாங்க காலைல மூச்ச கம்மியாத்தான் இழுப்போம்."

கெசியா வீம்புக்கு ஒருமுறை ஆழமாக இழுத்துக் காட்டினாள். பிறகு வேலியோரம் போய்க் கொஞ்ச நேரம் குனிந்து நின்றாள். பெண்கள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

மறுநாள் பயிற்சி அறைக்குள் மாறியது. ஜன்னல்களைச் சாத்தியாகிவிட்டது. மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டதால் அதையும் நிறுத்தியாகிவிட்டது. எல்லோரும் படுத்தார்கள்.

"கால் கட்டவிரலக் கவனிங்க. தளர விடுங்க. கணுக்காலக் கவனிங்க..."

முழங்காலுக்கு வருவதற்குள் பாக்யலட்சுமி குறட்டை விட்டாள்.

"தூங்கக் கூடாது! தளரணும்!" என்றாள் கெசியா. பாதிப் பெண்கள் பதறி எழுந்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. எத்தனையோ வருஷம் பார்த்த வேலை கைகொடுக்காமல் போகுமா? வரிசையாகப் படுக்க வைத்தாள். ஒவ்வொருத்தியின் கையையும் தூக்கி, சட்டென்று விட்டாள். தொப்பென்று விழுந்தால் பாஸ். மெதுவாக இறங்கினால் ரீவொர்க். அந்தரத்திலேயே நின்றால் ரிஜெக்ட்.

ஃபீபியின் கை அந்தரத்தில் நின்றது.

"எதுக்குடி இவ்ளோ விறைப்பு?"

"நீங்க செக்கிங் வர்றீங்கன்னு தெரிஞ்சதும் தானா விறைக்குது மேடம்."

"ரிஜெக்ட்தான் போடணும். போனா போகுது, ரீவொர்க். மறுபடி கட்டவிரல்ல இருந்து ஆரம்பி."

நாளுக்கு நாள் ரீவொர்க் கூடியது. ரீவொர்க் ஆனவர்கள் மாலையிலும் படுக்க வேண்டும். பஸ்ஸைத் தவற விட்டார்கள். வீட்டிலிருந்து அப்பாக்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். "எம் பொண்ணு எங்கம்மா?" என்று கேட்டவரிடம், "உள்ள தளர்ந்துக்கிட்டு இருக்கா சார்," என்று கெசியா சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

பெண்கள் தந்திரம் கற்றுக்கொண்டார்கள். கெசியா தொடுவதற்கு முன்பே கைகள் தொப் தொப்பென்று விழுந்தன. ஒருத்தி பாஸ் வாங்கும் வேகத்தில் தரையில் முழங்கையை இடித்துக்கொண்டு கட்டுப்போட்டு வந்தாள்.

"படுத்தா இவளுங்களுக்குச் சரிப்படாது. நடக்க வைக்கணும்," என்று கெசியா முடிவு செய்தாள்.

மறுநாள் மாலை, வெறுங்காலோடு, வரிசையாக, ஒரு சொல்லும் பேசாமல், தரையை உணர்ந்து நடக்கும்படி சொன்னாள். அவளே முன்னால் நடந்தாள். கலையரங்கைச் சுற்றி, நூலகத்தைத் தாண்டி, அலுவலக வாசல் வரை ஊர்வலம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. வழியில் பார்த்த வேறு வகுப்புப் பெண்கள், எதற்கென்று தெரியாவிட்டாலும், நியாயமான காரணமாகத்தான் இருக்கும் என்று பின்னால் சேர்ந்துகொண்டார்கள். காவலாளி கேட்டை இழுத்துப் பூட்டினார்.

சவுரியம்மாள் வராண்டாவுக்கு ஓடி வந்தார். "இன்னாது இது? ஸ்டிரைக்கா? கோரிக்கை ஏதாவது இருந்தா வாயைத் திறந்து சொல்லுங்க!"

பேசக் கூடாது என்பது பயிற்சியின் விதி. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"கெசியா! நீயுமா?"

பிறகு முதல்வர் அறைக்குள் நடந்த பேச்சு சுருக்கமானது. "நாளைக்கு நானே வந்து பாப்பேன். பிள்ளைங்க முகத்துல களை இருந்தா போட்டிக்குப் போகட்டும். இல்லன்னா குழு கிடையாது. அவ்ளோதான்."

மறுநாள் மதியமே பெண்களை ஒத்திகைக்கு வரச் சொன்னாள் கெசியா. அவர்கள் வந்து நின்ற கோலத்தை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், ஒருத்திக்குக் கட்டு, பாக்யலட்சுமி நின்றபடியே அசைந்தாடிக்கொண்டிருந்தாள், ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை.

ஃபீபி முன்னால் வந்தாள். "மேடம், நான் நின்னுடறேன்."

"எங்கடி நிக்கப் போற?"

"குழுவ விட்டு நின்னுடறேன். இது வேணாம் மேடம். யாருக்கும் வேணாம். எல்லாத்தையும் விட்டுடலாம்."

கெசியா மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த விசில் உருண்டு போனது, எடுக்கத் தோன்றவில்லை.

"நான்தான் கெடுத்துட்டேன்," என்றாள். "ஆசையா ஆடின பொண்ணு நீ. மயக்கம் போட்டு விழற வரைக்கும் ஆட வெச்சேன். சரி பண்றேன்னு கெளம்பி இன்னும் மோசமாக்கிட்டேன். அந்த ஆளு சொன்னத ஒண்ணு விடாம செஞ்சேனேடி. எங்க தப்பு பண்ணேன்னுதான் தெரியல."

ஃபீபி அவள் காலடியில் உட்கார்ந்தாள். பெண்கள் கண்ஜாடையில் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"மேடம், நீங்க ஒரு தரமாவது செஞ்சு பாத்தீங்களா?"

"நான் எதுக்கு? நான் செக்கிங் இல்ல?"

"அதான் தப்பு. நீங்க படுங்க. நாங்க சொல்றோம்."

"முதல்வர் வந்துடுவாங்கடி."

"வர்றதுக்குள்ள ஆய்டும். படுங்க மேடம்."

ஷஹீன் பானு பாயை விரித்தாள். கெசியா தயங்கித் தயங்கி, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தாள். ஃபீபி அவள் நெற்றியில் கை வைத்து, குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்: "கால் கட்டவிரலக் கவனிங்க. தளர விடுங்க..."

அடுத்த விரல் எது என்பது கெசியாவுக்குத் தெரியவில்லை.

கண் விழித்தபோது ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. தலைக்கு அடியில் யாருடைய துப்பட்டாவோ மடித்து வைத்திருந்தது. கதவோரம், அரங்கைப் பெருக்கும் கோவிந்தம்மாள் துடைப்பத்தைப் படுக்கப் போட்டுவிட்டுக் காவல் உட்கார்ந்திருந்தாள்.

"ஐயோ! முதல்வர் வந்தாங்களா?"

"வந்தாங்க. ஒங்களப் பாத்தாங்க. செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கினு சத்தம் போடாம போய்ட்டாங்க."

"பொண்ணுங்க?"

"பின்னால வேப்பமரத்தாண்ட ஆடுதுங்க. நீங்க முழிச்சிக்குவீங்கன்னு பாட்டு வைக்கல, வாயாலயே தாளம் போட்டுக்குதுங்க. முதல்வர் பாத்துட்டு, 'போட்டிக்குப் போங்கடி'ன்னு சொல்லிட்டாங்க."

கெசியா ஜன்னலுக்கு ஓடினாள். சுழன்றுகொண்டிருந்த பாவாடைகளுக்கு நடுவே, எல்லோருக்கும் முன்னால், முகமெல்லாம் சிரிப்பாக ஃபீபி.

"கோவிந்தம்மா, அவளுக்கு மறுபடியும் மயக்கம் வந்துடப் போவுது! போய் உக்காரச் சொல்லு!"

கோவிந்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா டீச்சரம்மா, இன்னுமா வெளங்கல? நீங்க தூக்கமில்லாம அல்லாடறதப் பாக்க முடியாம, பிராக்டிஸ் நின்னாலாச்சும் வூட்டுக்குப் போய்ப் படுப்பீங்கன்னு, யாரு மயக்கம் போட்டு வுழறதுன்னு பொண்ணுங்க சீட்டு குலுக்கிப் போட்டுச்சுங்க. பாவம், ஃபீபி பேரு வந்துடுச்சு."