மாமா காதில் ஓடிய மூன்றாம் தறி

மிக்சி ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவன் மிக்சியோடு நிறுத்திக்கொள்ளும்வரை ஊரில் அவனுக்கு மரியாதை உண்டு. நான் நிறுத்திக்கொள்ளவில்லை.

அருப்புக்கோட்டையில் கடை போட்டு மிக்சி, மோட்டார், கிரைண்டர் என்று பதினைந்து வருடமாக ஈயம் உருக்கியவன் நான். சால்டரிங்கா, கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று பீற்றிக்கொள்வேன். (இப்போது சொல்லப்போகிற வேலையைப் பார்த்தவர்கள் அப்படித்தான் செய்திருக்கிறான் என்று ஒத்துக்கொண்டார்கள்.)

என் மாமனார் முப்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். தறிச் சத்தம் காதைத் தின்றுவிட்டது. காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். "உள்ள குருவி கத்துது மாப்ள" என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். திருப்பூரில் இருக்கும் சின்ன மகள் வசந்தா வெள்ளிக்கிழமைதோறும் பேசுவாள். அவள் என்ன சொன்னாலும் இவர் "நல்லது, நல்லது" என்பார். ஒருநாள் அவள், "மாமியாருக்கு ரொம்ப முடியலப்பா" என்றாள். "நல்லது, நல்லது" என்றார். அங்கே ஸ்பீக்கரில் மாமியாரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதற்கப்புறம் மாமா போனைத் தொடவில்லை. மணி அடித்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள ஹெட்போனுக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர் செஞ்சு தாரேன் மாமா!" என்று அவர் காதில் கத்தினேன். தெருவே கேட்டுவிட்டதால் பின்வாங்கவும் வழியில்லை.

அதற்கான பாகங்களைத் தபாலில் வரவழைத்தேன். பார்சல் வந்தது. தீப்பெட்டி அளவு ஒரு சர்க்யூட் பலகை, சில காகிதப் பட்டைகள். பாகங்களைக் காணோம்! ஏமாற்றிவிட்டார்கள் என்று குதித்தேன். என் மனைவி செல்வி பட்டையை உரித்து, "இந்தா இருக்குல்ல" என்று உள்ளங்கையில் கொட்டினாள். கடுகை நாலாக வெட்டினால் வருகிற துண்டு அளவு. நான் பழகிய பாகங்களுக்குக் கம்பிக் கால் இருக்கும். ஓட்டையில் நுழைத்து அடியில் ஈயம் வைப்பேன். இவற்றுக்குக் காலும் கிடையாது, பலகையில் ஓட்டையும் கிடையாது. மேலே அப்படியே வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

அதற்கு மேசை சும்மா இருக்க வேண்டுமே. நாங்கள் இருப்பது மாமனார் வீட்டில். (ஆமாம், வீட்டோடு மாப்பிள்ளைதான்.) பின்சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு விசைத்தறிகள். இப்போது செல்விதான் ஓட்டுகிறாள். தறி ஓடினால் சுவர் ஆடும், மேசை ஆடும், மேசையில் வைத்த கடுகுத்துண்டு தானாக நடந்துபோய்க் கீழே விழும். தரையில் பஞ்சுத் தூசிக்குள் போனால் அவ்வளவுதான்.

தறியை நிறுத்தச் சொல்ல ரோஷம் விடவில்லை. கரண்ட் போகட்டும் என்று காத்திருந்தேன். போனது. மேசை அசையாமல் நின்றது. ஆனந்தமாகப் பாகத்தை வைத்து, சால்டரிங் அயர்னால் தொட்டேன். ஈயம் இளகவில்லை. அயர்னும் கரண்ட்டில்தான் சூடாகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. (பதினைந்து வருட எலக்ட்ரீசியனுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். செல்வியும் கேட்டாள்.)

எப்படியோ வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு பாகங்களையும் ஒட்டி முடித்தேன். சாயங்காலம் மாமாவை நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினேன். வசந்தாவின் போன் வந்தது. போனைப் பலகையோடு ஒயரில் இணைத்தேன்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்தது. எனக்குப் புல்லரித்தது.

"ஏத்தா செல்வி," என்றார். "மூணாந் தறியில நாடா தட்டுது. போயிப் பாரு."

ஒயரைப் பிடுங்கினேன். போனில் வசந்தா அழுதுகொண்டிருந்தாள். "மச்சான், அப்பாவுக்கு என்னாச்சு? நான் அப்பா அப்பான்னு கத்துறேன், அவுக தறியப் பத்திப் பேசுறாக!"

செல்வி ஓடிப்போய்ப் பார்த்தாள். நிஜமாகவே மூன்றாம் தறியில், இழையை இங்குமங்கும் கொண்டுபோகிற நாடா இடித்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு வந்தவள், லென்ஸை வைத்து என் பலகையைப் பார்த்தாள். ஒரே ஒரு பாகம் ஒருபக்கம் ஒட்டி, மறுபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. தறி அடிக்கிற அடிக்கெல்லாம் அது தொட்டுத் தொட்டு விட்டிருக்கிறது. மகள் குரல் உள்ளே போகவில்லை, தறியின் தாளம் மட்டும் போயிருக்கிறது. அந்தத் தாளத்திலேயே தறியின் நோயைக் கண்டுபிடித்த மனிதரை என்னவென்று சொல்வது!

"தள்ளுங்க" என்று செல்வி அயர்னை வாங்கினாள். மணிக்கட்டை மேசையோடு அழுத்தி வைத்தாள்.

"மேசை ஆடுனா கையும் கூட ஆடட்டும். நீங்க அந்தரத்துல புடிச்சா எப்பிடி நிக்கும்? ஓடுற தறியில அறுந்த இழைய நான் இப்பிடித்தான் முடியிறேன்."

ஈயம் இளகியது. நின்ற பாகம் சமர்த்தாகப் படுத்தது. மறுபக்கம் பொட்டு வைப்பதுபோல ஒரு துளி. ஒரு வாரமாக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டும் செய்ய முடியாததை அவள் என்னோடு பேசிக்கொண்டே செய்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது.

மறுபடி வசந்தாவைக் கூப்பிட்டோம். மாமா ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். கண் நிறைந்தது.

"தொண்ட கட்டியிருக்கே தாயி, வெந்நி குடிச்சியா?" என்றார்.

வசந்தா என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. மாமாவுக்கு மட்டும் கேட்டது. உடனே, "மொதல்ல ஒன் மாமியாட்ட போனக் குடு" என்று அவசரப்படுத்தினார். "சம்மந்தி, அன்னைக்குச் சொன்னதத் தப்பா எடுத்துக்கிராதீக. இப்ப ஒடம்பு எப்பிடி இருக்கு?"

இப்போது கடைக்குச் சின்னப் பாகம் வைக்கிற வேலை வந்தால் செல்வியிடம்தான் போகிறது. நான் மிக்சியோடு நிறுத்திக்கொண்டேன். அதிலும் நிம்மதியில்லை. போன வாரம் ஒரு மிக்சியைச் சரிசெய்து ஓடவிட்டேன்; வீடே அதிர்ந்தது. போனில் பேசிக்கொண்டிருந்த மாமா ஹெட்போனைக் கழற்றி, கண்ணை மூடி, கவனமாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து ஐந்து விரலையும் காட்டினார்.

"இது அஞ்சாந் தறி மாப்ள."