துணைக்கு ஆள் ஏற்றின நாலு சக்கர வண்டி

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அது போதும்.

அன்றைக்கு மாட்டுக் கொட்டகை முன்னால் நின்றவர்களை முதலில் எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லை என்று சாதிக்கக் கூடாது: உங்க அப்பா, உன் பெண்டாட்டி, உன் மச்சினன், பால்காரர், உன் ஒன்பது வயசு மகள் வாண்டு, நான்.

புல்லுக்கட்டு சுமக்க என்று நீ லாரியில் அனுப்பின நாலு சக்கர பைக்கை இறக்கினதுமே வாண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். கால் எட்டவில்லை, பிரேக்குக்கு விரல் எட்டவில்லை. "இறங்குடி" என்றேன். "சும்மா இருங்க அத்தை, நாலு சக்கரம் இருக்கு, எப்படிச் சாயும்?" என்றாள் உன் பெண்டாட்டி. மேஜைக்கும் நாலு கால்தான். உன் கல்யாணத்தில் அவள் அப்பா சாய்ந்து உட்கார்ந்து கவிழ்க்கவில்லையா? அதெல்லாம் எனக்கு மறக்காது.

அப்புறம் பிள்ளையைத் தனியா விடக் கூடாதுன்னு எல்லாருக்கும் ஒரேயடியா புத்தி வந்துச்சு, இந்த வீட்டுலதான் உப்பு வாங்கப் போனாலும் துணைக்கு ஆள் வேணுமே, முதல்ல மச்சினன் பின்னாடி ஏறினான், அவனுக்கே ஓட்டத் தெரியாதேன்னு அவனுக்குத் துணையா உங்க அப்பா ஏறினாரு, "ஹெல்மெட்டு?"ன்னேன், "ரோட்டுக்கா போறோம், இந்த மேடு வரைக்கும்தானே"ன்னாரு, தலை ரோட்டுல மட்டும்தான் உடையுமான்னு கேட்டேன், அவரு வேட்டியை இழுத்துச் சொருகிக்கிட்டு வாண்டுகிட்ட "முடுக்கு"ன்னாரு. மேட்டுல ஏறினதும் பின்னாடி கனம் தாங்காம முன்சக்கரம் ரெண்டும் வானத்தைப் பார்த்துருச்சு. உங்க அப்பா எருக்குவியல்ல, மச்சினன் அவர் மேல, வாண்டு தண்ணித் தொட்டி ஓரத்துல. கல்லுக்கும் அவ தலைக்கும் ஒரு சாண். வண்டி அந்தப் பக்கம் கவிழ்ந்துச்சு, இந்தப் பக்கம் கவிழ்ந்திருந்தா? அவ வாய் விட்டு அழுத பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு. பால்காரர் ஓடிப் போய் என்ஜினை அணைச்சாரு. ஆனா முதல்ல கேனை நேரா நிமிர்த்தி வெச்சுட்டுத்தான் ஓடினாரு, அதுவும் மனசுல இருக்கு.

சேத்தைத் துடைச்சா வண்டியிலேயே ஒட்டியிருக்கு: பதினாறு வயசுக்குக் கீழே ஓட்டக் கூடாது, ஒரு ஆளுக்கு மேல ஏறக் கூடாது, ஹெல்மெட் போடணும். படம் வேற. அரைகுறையா எழுத்துக்கூட்டுற எனக்கே புரியுது. "அதை எல்லாம் யாரு அத்தை பாக்குறாங்க?"ங்கிறா உன் பெண்டாட்டி.

வண்டியை உடனே திருப்பி எடுத்துக்கொள். இல்லை என்றால் நானே தொட்டிக்குள் தள்ளிவிடுவேன். இந்த ஐந்து பேரில் வாண்டைத் தவிர ஒருத்தரோடும் நான் பேசுவதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை. நூறு வயசு இரு.

எதையும் மறக்காத,
உன் அம்மா

பின்குறிப்பு: மேலே எழுதினதை விடு, வண்டியை எடுக்க ஆள் அனுப்பாதே. சாவி என் இடுப்புல இருக்கு. எனக்குப் பதினாறு முடிஞ்சு ரொம்ப நாளாச்சு, ஏறுறது ஒத்தை ஆள், ஹெல்மெட்டும் வாங்கியாச்சு. புல்லுக்கட்டு பூ மாதிரி வருது! வாண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்க்கலாம், அவ்வளவுதான். எல்லாரையும் மன்னிச்சுட்டேன், பால்காரர் உள்பட. ஆனா அன்னைக்கு ஏறுறதுக்கு முன்னாடி பிள்ளை போன்ல "அப்பா, நான் ஓட்டட்டுமா?"ன்னு கேட்டா. எதை ஓட்டன்னு ஒரு வார்த்தை கேட்காம, வேற யார்கிட்டயோ பேசிக்கிட்டே, "ம்... சரி கண்ணு"ன்னு சொன்னவன் ஒருத்தன் இருக்கான். அவனை மட்டும் மன்னிக்க மாட்டேன். என் வயித்துல பொறந்த நீதான்.