ஏழு பாயின்ட் சாரும் பண்பொழிக் காப்பியும்

தென்காசியில் அந்தக் காலத்தில் எதற்கு உயிர் இருக்கிறது, எதற்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இரண்டு பேருக்குத்தான் இருந்தது. ஒருவர் எமதர்மராஜன். இன்னொருவர் என்னோடு ஒரே அறையில் குடியிருந்த ஏழு பாயின்ட் சார். எமனாவது நேரம் பார்த்து வருவான். இவருக்கு அந்த வழக்கமே கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ இருக்கும். ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் விஞ்ஞான வாத்தியார், நான் தமிழ் வாத்தியார். இரண்டு பேருக்கும் கல்யாணமாகவில்லை. கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு மாடி அறையில் இருந்தோம். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. உயிருள்ளது எதுவானாலும் அசையும், மூச்சு விடும், சாப்பிடும், கழிவை வெளியே தள்ளும், வளரும், இனம் பெருக்கும், தொட்டால் உணரும் என்று ஏழு பாயின்ட் எழுதிப்போட்டு நடத்துவார். எல்லா விஞ்ஞான வாத்தியார்களும் நடத்துகிற பாடம்தான். மற்றவர்கள் மணி அடித்ததும் நிறுத்திவிடுவார்கள். இவர் நிறுத்தமாட்டார்.

ஒரு தடவை செங்கோட்டை பஸ் நடுவழியில் படுத்துவிட்டது. டிரைவர் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். இவர் பக்கத்தில் போய் நின்றார்.

"அண்ணாச்சி, இது ஓடுது, புகை விடுது, டீசல் குடிக்குது, எண்ணெய் ஒழுக்குது, மிதிச்சா உறுமுது. அஞ்சு பாயின்ட் ஆச்சு. ஆனா வளராது, குட்டி போடாது. அதனால உயிருள்ளதுன்னு சொல்ல முடியாது."

டிரைவர் தலையை வெளியே எடுக்காமலே சொன்னார்: "இப்ப அந்த அஞ்சும் இல்ல சார். இறங்கித் தள்ளுங்க."

ஆசிரியர் அறையில் நான் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், மூக்குக்குக் கீழே சில்லென்று ஏதோ படும். விழித்துப் பார்த்தால் முகம் பார்க்கிற கண்ணாடி. "ஆவி படியுதுவே. ஒண்ணுமில்ல, தூங்கும்" என்பார். அதற்குப் பிறகு எவன் தூங்குவான்? என் சோப்புப் பெட்டியில் பாசிப்பயறு முளைவிட்டிருக்கும். ஒருநாள் தாகத்தில் செம்பைத் தூக்கினால் உள்ளே பத்துப் பதினைந்து தலைப்பிரட்டைகள். உம்ம செம்புக்கு என்ன வந்தது என்று சண்டைக்குப் போனேன். "அதுல மீன் கிடக்குல்லா" என்றார், ரொம்ப நியாயமாக.

இப்படிப்பட்டவருக்கு முப்பத்துநாலு வயதாகியும் பெண் அமையாததில் ஆச்சரியமில்லை. தாய் தகப்பன் இல்லாத அவரை வளர்த்தவள் ஆலங்குளத்தில் இருந்த அக்காதான். அவளும் ஊர் ஊராகப் பெண் தேடி அலுத்துவிட்டாள். சுந்தரபாண்டியபுரத்தில் பெண்ணின் தகப்பனார், "எம் மக ரொம்ப அமைதி. இருக்க இடமே தெரியாது" என்று பெருமையாகச் சொன்னார். "அப்ப முதல் பாயின்ட்டே அடிபடுதே" என்றார் இவர். காப்பி வருவதற்கு முன்பே நாங்கள் தெருவுக்கு வந்துவிட்டோம். ஆலங்குளத்தில் பெண்ணின் தாத்தாவிடம், "பெரியவரே, கழிவு நீக்கம்லாம் ஒழுங்கா நடக்குதா?" என்று அன்பாக விசாரித்தார். அங்கே கேசரியையும் பாதியில் விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. எனக்கு இன்றுவரை அந்த வருத்தம் உண்டு.

பண்பொழியில் ஒரு வரன் வந்தபோது அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "ஏலே, இதான் கடைசி. இதுவும் போச்சுன்னா இனி எவ வீட்டு வாசலையும் நான் மிதிக்க மாட்டேன். அங்கன போயி உயிரு கியிருன்னு வாயத் தொறக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது. எந்தப் பேச்சை எடுத்தாலும் அது கடைசியில் உயிரில்தான் போய் முடியும் என்று அவருக்கே தெரியும். அதனால் மொத்தமாகவே வாயை மூடிக்கொண்டார்.

நல்ல சாரல் காலம், குற்றாலத்தில் அருவி கொட்டுகிற நேரம். பெண்ணின் தகப்பனார் வயலும் வரப்புமாக வாழ்கிறவர், வெள்ளந்தி. "குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதா மாப்பிள?" என்று கேட்டார். சாரல் மாதத்தில் எங்கள் பக்கத்தில் விரோதிகூட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் சண்டை போடுவான். இவர் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான்தான், "விழுது, விழுது, மெயின் அருவியில ஆர்ச்சைத் தாண்டி விழுது" என்று அவருக்கும் சேர்த்துச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து வீட்டுப் பூனை சுவரில் இருந்த பல்லி மேல் பாய்ந்தது. பல்லி தப்பிவிட்டது, வால் மட்டும் அறுந்து அவர் காலடியில் விழுந்து துள்ளியது. தனியாகக் கிடக்கிற வால் துள்ளுகிறது, அதற்கு உயிர் உண்டா இல்லையா! அவர் என் தொடையை அழுந்தப் பிடித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனால் பேசவில்லை. அக்கா மேல் அவ்வளவு பிரியம்.

தகப்பனார் என்னைத் தனியே கூப்பிட்டார். "புலவரய்யா, தப்பா நினைக்காதீங்க. மாப்பிளைக்குக் காது கேக்குமா?"

அது காதில் விழுந்ததும், இதுவும் போயிற்று என்று அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தேவிட்டாள். அப்போதுதான் பெண் செண்பகம் காப்பியோடு வந்தாள். தம்ளரை நீட்டினாள், அவர் கை நீட்டினார், கொதிக்கிற காப்பி ஒரு வாய் அவர் புறங்கையில் விழுந்தது. "ஐயோ" என்று கையை உதறிக்கொண்டு துள்ளி எழுந்தார்.

"உயிர் இருக்குப்பா" என்றாள் செண்பகம்.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். அவளே மேலே சொன்னாள்:

"சுந்தரபாண்டியபுரத்துல இவங்க பாத்தது எங்க சித்தி மகளைத்தான். ஏழு பாயின்ட் கதையை அவ சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. இங்கன வந்து இப்படி அசையாம இருக்காங்களேன்னு கடைசிப் பாயின்ட்டை நான் சோதிச்சேன். ரொம்பச் சுட்டுட்டா சார்?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா சொன்னாள்: "பேசித் தொலை. என் தலை தாங்கும்."

மடை திறந்தது. சூடு பட்ட சேதி மூளைக்குப் போய்ச் சேருவதற்குள், முதுகுத்தண்டே கையை எடுக்க உத்தரவு போட்டுவிடும் என்று ஆரம்பித்து, துள்ளுகிற பல்லி வால் வரைக்கும் அரை மணி நேரம் விளாசினார். செண்பகம் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு, "அப்ப வலிக்குதுன்னு நமக்குத் தெரியதுக்கு முந்தியே கை வந்துருமா?" என்று கேட்டாள்.

அவர் சட்டென்று நிறுத்திவிட்டார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். "ஆமா" என்றார், மெதுவாக. தகப்பனார் மகள் முகத்தைப் பார்த்தார், அக்காவிடம் தட்டை மாற்றிக்கொள்ள நாள் கேட்டார்.

திரும்புகிற பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் புறங்கையில் வெண்ணெயோடு உட்கார்ந்திருந்தார். "கேள்வி கேட்டா, பாத்தீராவே? மார்க்குக்காக இல்லவே, சும்மா தெரிஞ்சுக்கிடக் கேட்டா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தும், அவரிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. கேலி மட்டும்தான் பண்ணியிருக்கிறேன்.

"சார், செடிக்கு வலிக்குமா?" என்று கேட்டேன்.

செங்கோட்டையில் ஆரம்பித்தார். தென்காசி வந்தும் முடியவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டார், எனக்குத்தான் இறங்க மனம் வரவில்லை.